படுக்கப் போக முதல் உங்கட வீட்டில என்ன நடக்குது? விடியச் சண்டையில்லாத வீடு வேணும்

மணல்வீடு | உப்புவெளி | ஞாயிறு, இரவு 7:10

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். கணவருக்குச் சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூத்தவள் இந்த வருஷம் ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை), சின்னவன் தரம் நாலு.

ஒவ்வொரு நாளும் விடிய ஐந்தரையிலிருந்து ஆறே முக்கால் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரே அமளி. ஒரு சப்பாத்து கட்டிலுக்குக் கீழே கிடக்கும், மற்றது முற்றத்தில் கிடக்கும். தண்ணிப் போத்தல் இருக்கும், மூடி இருக்காது. கணிதக் கொப்பியில் நான் கையொப்பம் வைக்கவேணும் என்பது வேன் வந்து ஹோர்ன் அடிக்கும்போதுதான் சின்னவனுக்கு நினைவு வரும். நான் கத்துவேன், அவன் அழுதபடியே ஏறிப் போவான். பிறகு என் வகுப்பில் வேறு பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது அவன் முகம்தான் எனக்குள் நிற்கும்.

போன வெள்ளிக்கிழமை இருந்து யோசித்தேன். முதல்நாள் இரவு சரியில்லாததால்தான் விடியக்காலை இப்படிப் போகிறது என்று பட்டது. ஒன்பது மணிக்குப் பிறகு ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன். நானும் பன்னிரண்டு மட்டும் விரலால் தள்ளிக்கொண்டே கிடப்பேன். லைட்டை நூர்த்தால் நாளைக்குச் செய்ய இருக்கிறதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்குள் வரும்.

யூடியூப்பில் 'நல்லதையே நினையுங்கள்' என்று சொல்லும் வீடியோக்களும் போட்டுப் பார்த்தேன். கேட்கிற நேரம் நல்லாத்தான் இருக்கிறது. நிறுத்தின கையோடு சப்பாத்து நினைவு வந்துவிடும். உங்கள் வீட்டில் உண்மையாகவே பலன் தந்த பழக்கம் ஏதும் இருந்தால் எழுதுங்கள். எங்கள் ஊர் வெக்கைக்கும் நுளம்புக்கும் சரிவரக்கூடியதாக இருக்கவேணும்.

தங்கூசி | திருக்கடலூர் | ஞாயிறு, இரவு 7:52

டீச்சர் அக்கா, நான் கடல்தொழில். அப்பாவுக்கும் அதுதான்.

அப்பா விடியக் கடலுக்குப் போறதெண்டா முதல்நாள் பின்னேரமே வாசல் படியில குந்தி வலையை மடியில போட்டிடுவார். பார்க்கிறது கண்ணால இல்ல, விரலால. தடவிக்கொண்டே போவார். வலைக்கண் கிழிஞ்ச இடம் வந்தா விரல் நிண்டிடும். ஊசியை எடுத்து ரெண்டு முடிச்சுப் போட்டிட்டு மேல போவார். ஈயம் ஒரு பக்கம், மிதவை ஒரு பக்கம் ஒதுக்கி மடிச்சு வைப்பார். பிறகு எண்ணெய்க் கானைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். டோர்ச்சை ரெண்டுதரம் அடிச்சுப் பார்ப்பார். எல்லாத்தையும் கதவடியில வைச்சுப்போட்டு கால் கழுவிக்கொண்டு வந்து படுத்தாரெண்டா சரி, நித்திரை.

சின்னனில எனக்கு இது விளங்கேல்ல. நான் தொழிலுக்குப் போய், இருட்டுக்குள்ள படகு ஆட ஆட ஒரு வலைச் சிக்கை எடுக்க முக்கால் மணித்தியாலம் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் விளங்கினது. அண்டைக்குக் கூட வந்த ஆளோடயும் கொளுவல். நாள் முழுக்கச் சரிவரேல்ல.

இப்ப நானும் வலையை மடிக்காமப் படுக்கிறதில்ல. மடிச்சு முடிய ஒரு ஆறுதல் வரும் அக்கா, அதைச் சொல்லத் தெரியேல்ல. உங்கட பிள்ளையின்ர ரெண்டு சப்பாத்தையும் இண்டைக்கே கதவடியில சேர்த்து வைச்சுப் பாருங்கோ.

இரவுப்பணி | திருகோணமலை நகர் | ஞாயிறு, இரவு 8:34

டீச்சர், தங்கூசித் தம்பி சொன்ன அந்த ஆறுதலைப் பற்றி நானும் கொஞ்சம் எழுதுகிறேன். நான் தாதிய உத்தியோகத்தர். அடுத்தநாள் ஒப்பரேஷன் என்று வார்ட்டில் படுத்திருப்பவர்கள் கத்திக்குப் பயந்து விழித்திருப்பதாகத்தான் நானும் முதலில் நினைத்தேன். பக்கத்தில் போய் இருந்து கேட்டால் வேறு கதை வரும். மாட்டை ஆர் அவிழ்ப்பது, பிள்ளையை ஆர் டியூசனுக்கு ஏற்றுவது, சீட்டுக் காசை ஆரிடம் கொடுப்பது. ஒரு துண்டுக் கடதாசியைக் கொடுத்து 'எழுதித் தாங்கோ ஐயா, விடிய மகன் வந்தவுடன் கையில குடுக்கிறன்' என்று சொன்னால் கனபேர் எழுதிவிட்டுக் கண்ணயர்ந்துவிடுவார்கள்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லினும் அவரது குழுவும் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. 57 இளம் வயதினரை ஆய்வுகூடத்தில் படுக்கவைத்தார்கள். படுக்கப் போகுமுன் 5 நிமிஷம், ஒரு பகுதியினர் வருகிற நாட்களில் செய்ய இருக்கிற வேலைகளை எழுதினார்கள், மற்றவர்கள் செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்ய இருக்கிறதை எழுதினவர்கள் சராசரியாக 9 நிமிஷம் முந்தி நித்திரையானார்கள். எவ்வளவு விபரமாக எழுதினார்களோ அவ்வளவு விரைவாக. அதனால் 'நாளைக்கு நிறைய வேலை' என்று எழுதி வைப்பதில் பயனில்லை. 'கணிதக் கொப்பிக் கையொப்பம்', 'காஸ் சிலிண்டருக்குச் சொல்லவேணும்' என்று எழுதுங்கோ. அதையும் கட்டிலில் இருந்து எழுதவேண்டாம். அடுப்படி மேசையில் எழுதி, கொப்பியை மூடி அங்கேயே வைத்துவிட்டு வாங்கோ. போனில் எழுதப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மற்றது வெளிச்சம். இருட்டுப்பட்டபிறகு மூளை மெலற்றோனின் என்ற சுரப்பை விடத் தொடங்கும், இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். கண்ணில் வெளிச்சம் படப்பட அது பிந்திக்கொண்டே போகும். எங்கள் ஊரில் வருஷம் முழுக்க ஏழு மணிக்கு முன்னமே இருண்டுவிடுகிறது. ஆனால் பத்து மணி மட்டும் டியூப் லைட், அதற்குப் பிறகு முகத்துக்கு நேரே போன். உடம்புக்கு இரவு வந்ததே தெரியாது. எட்டரைக்கு டியூப் லைட்டை நூர்த்துவிட்டு மூலையில் ஒரு மஞ்சள் பல்ப் போட்டுப் பாருங்கோ, பிள்ளைகளின் குரலே தணியும்.

கச்சான்காற்று | நிலாவெளி | ஞாயிறு, இரவு 9:05

எல்லாம் சரி. ஆனால் வைகாசி தொடங்கி ஆவணி மட்டும் கச்சான், அந்தத் தென்மேல் வெக்கைக் காற்று, அடிக்கிற நேரத்தில் ஷீட் கூரைக்குக் கீழ படுத்துப் பார்த்தீங்களா? இரவு பத்து மணிக்கும் சுவரில கை வைச்சா சுடும். ஃபான் சுடுகாற்றைத்தான் சுத்தி அடிக்கும். எனக்குக் கவலையால நித்திரை போறதில்ல, வேர்வையாலதான். பட்டியல் எழுதி என்ன செய்யிறது?

பாலையூற்று அம்மம்மா | ஞாயிறு, இரவு 9:31

தம்பி, மகள் தட்டித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல.

நாங்கள் கரண்ட் இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். கச்சான் காலத்தில் அம்மா பொழுதுபட முற்றம் முழுக்கத் தண்ணி தெளிப்பா. மண் வாசம் எழும்பும். பகல் முழுக்க மேற்குப் பக்க யன்னல் சாத்தியே இருக்கும், இருட்டின பிறகுதான் திறக்கிறது. நீங்கள் பகலில் திறந்துவைத்து வெக்கையை உள்ளே எடுத்துப்போட்டு இரவில் நுளம்புக்காகச் சாத்துகிறீங்கள், மாறிச் செய்கிறீங்கள். வலை கட்டிப்போட்டு இரவில் திற மகன். மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சீமெந்து நிலத்தில் பாயைப் போடு. பாயில் ஈரக்கையால் ஒருதரம் தடவிவிட்டால் போதும்.

அந்தப் பிள்ளை சொன்ன வெளிச்சக் கதையும் சரிதான். எங்கள் வீட்டில் சிமினி விளக்கு. சாப்பாடு முடிய அம்மா திரியைக் கொஞ்சம் இறக்குவா. பாடம் சொல்லி முடிய இன்னும் கொஞ்சம் இறக்குவா. கடைசியில் ஒரு அவரை விதை அளவு சுடர்தான் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே எங்களுக்குக் கண் மூடும். படு என்று ஒருவரும் சொன்னதில்லை. எண்ணெயை மிச்சம்பிடிக்கத்தான் இறக்கினாவாக்கும், ஆனால் அந்த வீட்டில் நித்திரை இல்லை என்று ஒரு பிள்ளை அழுததாக எனக்கு நினைவில்லை.

பிறகு கோழிக்கூட்டுக் கதவைச் சாத்தி, உழுந்தோ பயறோ ஊறப்போட்டு, தேங்காயும் திருவலையும் எடுத்துவைத்து, அடுப்புச் சாம்பலை அள்ளி வைத்துவிட்டுத்தான் அம்மா படுப்பா. விடிய எழும்பினால் அவவின் கை தானாக வேலை செய்யும். முகத்தில் கோபம் இருக்காது.

இரவுப்பணி | திருகோணமலை நகர் | ஞாயிறு, இரவு 9:50

அம்மம்மா, உங்களைக் கும்பிடவேணும் போல இருக்கிறது.

கச்சான்காற்று அண்ணா, ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். நித்திரை வரவேணுமென்றால் உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கவேணும். அந்தச் சூடு கை, கால் தோலால்தான் வெளியேறும். படுக்கப் போக ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன் இளஞ்சுடுதண்ணியில் குளித்தால் இரத்தம் தோலுக்கு வந்து சூட்டை வெளியே விட்டுவிடும், பிறகு உள்ளே குளிரும். முன்னைய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் 2019இல் பார்த்தபோது, 40 பாகை தொடக்கம் 42.5 பாகை வரையான தண்ணியில் அந்த நேரத்துக்குக் குளித்தவர்கள் சராசரியாக 10 நிமிஷம் முந்தி நித்திரையானார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றிவிட்டு பஸ்ஸில் வரும்போது பிள்ளைகள் தோளில் சாய்ந்து தூங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வெக்கை நாளில் வெந்நீர் வேண்டாம் என்றால் பச்சைத்தண்ணியில் எட்டு மணிக்கே குளியுங்கோ, படுக்கிற நேரத்தில் பாதத்தை மட்டும் நனையுங்கோ.

கின்னியா ஓய்வாசிரியர் | திங்கள், காலை 5:40

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஸுபஹ் தொழுதுவிட்டு எழுதுகிறேன்.

எங்களுக்குச் சிறுவயதில் வாப்பா பழக்கியது இது. இஷா என்ற இரவுத் தொழுகைக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்கதை பேசுவதையும் நபிகளார் விரும்பியதில்லை என்று ஹதீஸில் வருகிறது. இஷா முடிந்தால் வீட்டில் குரல் தணிந்துவிடும். படுக்கப் போகுமுன் வுளூ செய்து (தொழுகைக்குப் போல முகம், கை, கால் கழுவி), விரிப்பை மூன்று தரம் தட்டி உதறி, வலப்பக்கம் சாய்ந்து படுத்து, ஓத வேண்டியதை ஓதுவோம். உதறுவதை ஒரு கடமைக்குச் செய்யாமல் நின்று நிதானமாகச் செய்து பாருங்கள் மகள். அன்றைய பகலில் ஒட்டின மணலும் போகும், மனதில் ஒட்டினதும் கொஞ்சம் போகும்.

வாப்பா இன்னொன்றும் செய்வார். உம்மாவிடம் வந்து, "இண்டைக்கு என்னால ஏதும் மனசு நொந்திச்சா?" என்று கேட்பார். ஒவ்வொரு இரவும். உம்மா பெரும்பாலும் இல்லை என்பா. சில நாள் ஆம் என்று சொல்லி இரண்டு வார்த்தை பேசுவா. அது அந்த இடத்திலேயே முடிந்துவிடும், விடியலுக்குப் போகாது. நான் கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் இதை விட்டதில்லை. நீங்கள் எந்தச் சமயமாக இருந்தாலும் இந்தக் கேள்வியை உங்கள் சின்னவனிடம் கேட்டுப் பாருங்கள். காலையில் கத்தினதுக்கு அன்றிரவே மருந்து போட்டுவிடலாம்.

கட்டாரில் அவர் | கின்னியா | திங்கள், காலை 10:15

போனைத் தூரவை என்று எல்லாரும் சொல்றீங்க. என்ட நிலைமையையும் கேளுங்க. எங்கட அவர் கட்டாரில. டியூட்டி முடிஞ்சு குளிச்சுச் சாப்பிட்டு அவர் எடுக்கேக்க அங்க எட்டு மணி, எங்களுக்குப் பத்தரை. பிள்ளைகளுக்கு வாப்பாட முகம் கிடைக்கிறதே அந்த நேரத்திலதான். அதை நான் நிப்பாட்டமாட்டன்.

இரவுப்பணி | திருகோணமலை நகர் | திங்கள், மாலை 4:20

தங்கச்சி, நிப்பாட்டவே வேண்டாம். அன்பான குரல் கேட்டுவிட்டுப் படுப்பதைவிட நல்லது எதுவும் இல்லை. கதை முடிந்த பிறகு என்ன செய்கிறீங்கள் என்பதைத்தான் பார்க்கவேணும். அழைப்பு முடிந்தும் போன் கையிலேயே இருக்கும், அப்படியே டிக்டொக்குக்குள் போய் ஒன்றரை மணியாகும். வைத்த கையோடு அலமாரிக்குள் வைத்துச் சாத்திப் பாருங்கோ. சின்னப் பிள்ளைகளுக்குப் பத்தரை பிந்திய நேரம்தான். 6 தொடக்கம் 12 வயது மட்டும் 9 மணித்தியாலமாவது நித்திரை வேணும். கட்டாரில் வெள்ளி லீவு என்றால் அன்று பகலில் நீளமாகக் கதைக்கவிட்டு, மற்ற நாளில் அவர் வேலைக்குப் போக முதல் இரண்டு நிமிஷம் முகம் காட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

மூதூர்ப் பெடியன் | திங்கள், இரவு 11:48

நான் ஏஎல் (உயர்தரம்) பயோ. எல்லாரும் ஒன்பது மணி, பத்து மணி எண்டு சொல்றீங்க. நான் ரெண்டு மணி மட்டும் படிக்கிறன். பத்து மணிக்கு ஒரு கோப்பி, பன்னிரண்டுக்கு ஒண்டு. அஞ்சரைக்கு எழும்பி ஃபெரிக்கு ஓடிவந்து டவுனில டியூசன். ஆனா போன கிழமை சோதனையில படிச்சதெல்லாம் பேப்பரைக் கண்டதும் போயிட்டு. கூடப் படிக்கிறவன் பதினொண்டுக்கே படுக்கிறான், அவனுக்கு என்னைவிட மார்க்ஸ். என்ன பிழை எண்டு விளங்கேல்ல.

கின்னியா ஓய்வாசிரியர் | செவ்வாய், காலை 5:35

மகன், நீ எழுதின நேரத்தைப் பார்த்து எனக்கு மனம் கனத்துப்போயிற்று.

படித்தது மண்டையில் இறங்குவது தூக்கத்தில்தான். 1924இலேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இதைப் பரிசோதித்தார்கள். இரண்டு மாணவர்களுக்குப் பொருளில்லாத அசைகளை மனனம் செய்யக் கொடுத்து, சில நாள் படித்ததும் தூங்கவிட்டார்கள், சில நாள் படித்த பிறகு விழித்திருக்கவிட்டார்கள். தூங்கி எழுந்தபோது நினைவில் நின்றது அதிகம். அதற்குப் பிறகு நூறு வருஷமாக வந்த ஆராய்ச்சிகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன. கோப்பியைப் பொறுத்தவரை, குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணித்தியாலம் அளவு எடுக்கும். பன்னிரண்டுக்குக் குடித்தால் நீ எழும்புகிற ஐந்தரைக்கும் பாதி உள்ளேதான். நீ தூங்கின மூன்றரை மணித்தியாலமும் நல்ல தூக்கமில்லை மகன்.

நான் என் மாணவர்களுக்குச் சொல்லிவந்தது: கடினமான பாடத்தைப் பின்னேரம் பார், பத்து மணிக்கு அன்றைக்குப் படித்ததைப் புத்தகத்தைப் பாராமல் ஒரு தாளில் எழுது, பத்தரைக்குப் படு. நாளைக்கு ஆரம்பிக்கிற பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் படு. உம்மாவிடம் சொல்லி இன்றைக்கே கோப்பி டின்னை எடுத்து வைக்கச் சொல்.

பாலையூற்றுப் பிள்ளை | டொரொண்டோ | செவ்வாய், இரவு 8:02

அம்மம்மாவின் விளக்குத் திரியை வாசித்து அழுதுவிட்டேன். இங்கே ஆனியில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில், மார்கழியில் பின்னேரம் ஐந்துக்கு முன்னமே இருட்டு. ஊரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம் அளவுதான் வித்தியாசம். சூரியனே உங்களுக்கு மணியடித்துத் தருகிறது. அங்கே இருக்கும்போது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

ஒருவரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். எங்கள் இரவைக் கெடுத்தது காசுக் கதை. பகலில் இரண்டு பேரும் வேலை. பிள்ளைகள் படுத்தபிறகு கட்டிலில்தான் நேருக்கு நேர் பார்ப்போம். உடனே வீட்டுக்கடன், ஊருக்கு அனுப்பவேண்டிய காசு, அவரின் தங்கச்சியின் கலியாணம். பதினொரு மணிக்குத் தொடங்கினால் ஒரு மணிக்கு முதுகு காட்டிக்கொண்டு படுப்போம். இரண்டு வருஷம் இப்படியே போனது. இப்போது சனிக்கிழமை காலையில், தேத்தண்ணியோடு, மேசையில் கணக்குக் கொப்பியை விரித்து வைத்துத்தான் காசுக் கதை. இரவில் ஞாபகம் வந்தால் கொப்பியில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுப்போம். கடன் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை இரவில் மலையாகத் தெரிந்த அதே தொகை சனிக்கிழமை காலையில் ஒரு தொகையாகத்தான் தெரிகிறது.

அலைச்சத்தம் | புதன், அதிகாலை 3:26

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீடு கடற்கரையோரம். 2004 மார்கழி 26இல் என் தங்கச்சியைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு வாடைக் காலத்தில் அலை கொஞ்சம் உயர்ந்தாலும் முழிப்பு வந்துவிடும். எழும்பிப் போய்க் கதவைத் திறந்து தண்ணி எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். பிறகு மணிக்கூட்டைப் பார்ப்பேன். இரண்டு, மூன்று, நாலு. நீங்கள் எழுதினது எல்லாம் நல்ல விஷயம். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரவுப்பணி | திருகோணமலை நகர் | புதன், காலை 6:12

அக்கா, நைட் டியூட்டி முடித்து வந்து முதலில் உங்களுடையதைத்தான் வாசித்தேன். எழுதினதுக்கு நன்றி.

மேலே நாங்கள் பேசினது நாளாந்தக் களைப்புக்கு. உங்களுடையது அப்படியில்லை, அது ஒரு காயம். காயத்துக்கு ஆள் வேணும். ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் இதைச் சொல்லிக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமே இல்லை. முதலில் ஒரு குரல் வேணுமென்றால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கோ, அது தேசிய மனநல உதவி இலக்கம். நித்திரையின்மைக்குக் குளிசைக்கு முதல் கொடுக்கவேண்டியது பேச்சும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலேயே பரிந்துரைத்திருக்கிறது. எனவே குளிசைதான் தருவார்கள் என்று பயந்து போகாமல் விடவேண்டாம்.

அதுவரைக்கும் இரண்டு காரியம். மணிக்கூட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கோ. முழிப்பு வந்து இருபது நிமிஷம் அளவு போயிற்று என்று பட்டால் படுக்கையில் போராடாதீங்கோ. எழும்பி வேறு இடத்தில், மங்கின வெளிச்சத்தில் இருந்து, கைக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கோ. உடுப்பு மடியுங்கோ, வெங்காயம் உரியுங்கோ. கண் சொக்கும்போது திரும்பிப் போங்கோ. 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் கொண்டுவந்த முறை இது, படுக்கை என்றாலே போராட்டம் என்று உடம்பு பழகியிருப்பதை மெல்ல மாற்றும். கதவைத் திறந்து பார்ப்பதைப் படுக்கப் போகுமுன் ஒருதரம், துணைக்கு ஆளோடு, நின்று பாருங்கோ. பார்த்துவிட்டுச் சாத்துங்கோ.

தங்கூசி | திருக்கடலூர் | புதன், காலை 9:40

அக்கா, நாங்கள் இரவில கடலிலதான் நிற்கிறம். கடல் ஒரு மாதிரி எண்டா முதல்ல எங்களுக்குத்தான் தெரியும். உங்கட பக்கத்துப் பெடியள் ஆரும் தொழிலுக்குப் போறவை இருந்தா நம்பரை வாங்கி வையுங்கோ. முழிப்பு வந்தா ஒரு கோல். கடல் எப்பிடி எண்டு அவை சொல்லுவினம்.

அலைச்சத்தம் | புதன், இரவு 7:30

தம்பி, இதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பெடியனிடம் நம்பர் வாங்கிவிட்டேன். கிளினிக் எந்த நாள் என்றும் கேட்டிருக்கிறேன்.

மணல்வீடு | உப்புவெளி | மூன்று கிழமைக்குப் பிறகு, சனி, காலை 8:20

எல்லாருக்கும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்.

செய்ததைச் சொல்கிறேன். எட்டரைக்கு டியூப் லைட் நூர்கிறது. முதல் இரண்டு நாளும் மூத்தவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். தன் மேசைக்கு மட்டும் லாம்பு வைத்துக்கொள்ளச் சொன்னேன், அடங்கிவிட்டாள். போன்கள் அடுப்படியில் சார்ஜில் கிடக்கின்றன. என்னுடையதை முதலில் நான்தான் வைத்தேன், பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. அலாரத்துக்கு டவுனில் ஒரு சின்ன மணிக்கூடு வாங்கினேன்.

ஒன்பது மணிக்குச் சின்னவன் சப்பாத்தைக் கொண்டுவந்து கதவடியில் வைக்கிறான். தங்கூசித் தம்பியின் அப்பா கதையைச் சொல்லியிருந்தேன். அதனால் போத்தலை ஆட்டிப் பார்க்கிறான், மூடியைத் திருகிப் பார்க்கிறான், புத்தகப்பையின் சிப்பை விரலால் தடவிக்கொண்டே போகிறான். "கிழிஞ்ச கண் இல்லை அம்மா" என்று வந்து சொல்கிறான். கொப்பிக் கையொப்பம் எல்லாம் அந்த நேரத்திலேயே முடிந்துவிடுகிறது.

ஆசிரியர் ஐயா சொன்ன கேள்வியைக் கேட்க எனக்கு நாலு நாள் தைரியம் வரவில்லை. ஐந்தாம் நாள் கேட்டேன். "வேனுக்குள்ள இருக்கிற பிள்ளைகளுக்கு முன்னால ஏசாதேங்கோ" என்றான். கத்தினது அவனுக்குப் பெரிதாக இருக்கவில்லை, பார்க்க ஆள் இருந்ததுதான் நொந்திருக்கிறது. இவ்வளவு காலமும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அன்றிரவு அவன் தலைமாட்டில் கனநேரம் இருந்தேன்.

சரிவராததும் இருக்கிறது. கணவருக்கு நைட் ஷிப்ட் வருகிற கிழமையில் எல்லாம் குழம்புகிறது. அவர் விடிய வந்து படுக்கும்போது நாங்கள் எழும்புகிறோம். அறை யன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி தைத்துப் போட்டிருக்கிறேன், கொஞ்சம் பரவாயில்லை. இன்னும் யோசனை தேவை. இடையில் இரண்டு நாள் நான் பழையபடி கத்தினேன். இரண்டுக்கும் முதல்நாள் இரவு ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்ப் பிந்தி வந்து, ஒன்றும் எடுத்துவைக்காமல் படுத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரைக்கே எழும்புகிறோம். ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனால் எங்கள் கடலில் சூரியன் நேரே முன்னால் வருகிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவு நித்திரை நேரத்துக்கு வரும் என்று இரவுப்பணி அக்கா தனியே எழுதியிருந்தார். அது உண்மைதான், ஞாயிறு இரவு பிள்ளைகள் ஒன்பதரைக்கே கண் சொருகுகிறார்கள்.

மூதூர்ப் பெடியன் | சனி, காலை 9:05

சேர், உம்மா கோப்பி டின்னை எங்க வைச்சா எண்டு இன்னும் கண்டுபிடிக்கேல்ல. பதினொண்டுக்குப் படுக்கிறன். பத்தரை இன்னும் வரேல்ல. இந்தமுறைச் சோதனையில எழுதினது ஞாபகம் வந்திச்சு.

கட்டாரில் அவர் | கின்னியா | சனி, காலை 9:30

மணல்வீடு ராத்தா, ஒரு சின்னக் கேள்வி. நாளைய வேலை எழுதுற கொப்பியை எங்க வைக்கிறீங்க? நான் எழுதத் தொடங்கி மூணு நாளில என்ட சின்னது அதில யானை கீறிப்போட்டுது. பேனையும் இல்ல.

மணல்வீடு | உப்புவெளி | சனி, காலை 9:41

பிரிட்ஜுக்கு மேலே தங்கச்சி. பேனையை ஒரு தங்கூசி நூலில் கட்டிப் பிரிட்ஜ் கைபிடியில் தொங்கவிட்டிருக்கிறேன். நூல் நீளமாக இருக்கட்டும், மேசை மட்டும் எட்டவேணும்.